கரையேற்றிய கார்

அக்டோபர் 9

இந்த ஊரில் ஆறு இரண்டு திசையிலும் ஓடுகிறது. காலையில் ஃபெரி ஏறப் போனபோது இறங்கு பாலம் செங்குத்தாகச் சரிந்து கிடந்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். மாலையில் திரும்பி வந்தால் அதே பாலம் தரைக்குச் சமமாகப் படுத்திருக்கிறது. கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அங்கிருந்து கடல் ஏற்றம் ஹாம்பர்க் வரைக்கும் வந்து தண்ணீரை இரண்டு ஆள் உயரம் தூக்கிவிட்டுப் போகிறதாம். நம் பழவேற்காட்டு முகத்துவாரத்தில் இடுப்பளவு ஏறி இறங்குவதையே பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

பிரகாஷிடம் சொன்னேன். இதே விடுதியில் மூன்றாம் மாடி, மின் பொறியியல் படிக்கிறான், மீஞ்சூர்க்காரன். "தண்ணி ஏறும், எறங்கும். அதுக்குப் போய் வாயப் பொளக்குற. நீ குப்பத்துப் பொண்ணு தானா?" என்கிறான். தண்ணீரைக் குழாயில் மட்டும் பார்த்து வளர்ந்தவன் என்னைக் கேட்கிறான்!

துறைமுக மேலாண்மை படிக்க வந்தவள் இப்படித் துறைமுகத்தைப் பார்த்து முழித்துக்கொண்டே இருந்தால் என்றைக்குப் படிப்பது?

அக்டோபர் 12

ஞாயிறு மீன் சந்தை. ஒருவன் வண்டிமேல் நின்றுகொண்டு விலாங்கு மீனைக் கூட்டத்துக்குள் வீசுகிறான், ஜனம் சிரித்துக்கொண்டே பிடிக்கிறது. மீனை வீசலாமா? நாகம்மாள் பார்த்தால் ஏறி நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

(அம்மாவைப் பெயர் சொல்லி எழுதுகிறேன். இங்கே வந்து இரண்டு வாரத்தில் கொழுப்பு ஏறிவிட்டது.)

அக்டோபர் 15

வீடியோவில் வினோத் அண்ணன் வீட்டுக்குள்ளேயும் தலையில் துண்டோடு இருந்தான். தலைவலியாம். கஸ்தூரி அக்காவைக் கூப்பிடு, பக்கத்து வீடுதானே, பேசணும் என்றேன். "அவ வேலயா கீறா" என்று அம்மா போனை வைத்துவிட்டாள். எட்டிக் கூப்பிட்டால் கேட்கும் தூரம். என்ன கோபமோ இரண்டு பேருக்கும்.

அக்டோபர் 24

ஈரத் துணியை மாற்றாமலே எழுத உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

காலையில் பீரங்கிச் சத்தம். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இன்னொன்று. போர் என்றே நினைத்தேன். பிரகாஷ் போன் செய்து, "பயப்படாத, வெள்ளம் வருதுன்னு சொல்றதுக்குச் சுடுறாங்களாம்" என்றான். வெள்ளம் வருகிறது என்றால் பயப்படாமல் வேறென்ன செய்வது?

இறங்கி மீன் சந்தைத் திடலுக்கு ஓடினோம். வடமேற்குக் காற்று ஆளைத் தள்ளுகிறது. ஆறு கரையைத் தாண்டிக் கல்தரைமேல் ஏறிக்கொண்டிருக்கிறது. சந்தை நடந்த இடத்தில் அலை! மேட்டில் ஐம்பது அறுபது பேர். கையில் காபி. போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். ஒருவர் தோளில் குழந்தையை ஏற்றி வைத்து வேடிக்கை காட்டுகிறார். தண்ணீருக்குள் ஒரே ஒரு நீலக் கார், பழைய சின்னக் கார், பாதிச் சக்கரம் வரை முழுகி நிற்கிறது.

"யார் வண்டி?" என்று கத்தினேன். ஆங்கிலத்தில் கத்தினேன், தெரிந்த நாலு ஜெர்மன் வார்த்தையில் கத்தினேன். ஒருவர் தோளைக் குலுக்கினார். இன்னொருவர் எச்சரிக்கைப் பலகையைக் காட்டினார், அதில் கார் முழுகுவதுபோல் படம் போட்டிருக்கிறது. சரி, பலகை இருக்கிறது. கார் முழுகுகிறதே!

எங்கள் குப்பத்தில் கடல் ஏறினால் யார் போட் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. முதலில் பார்த்தவன் கயிறு எடுக்க வேண்டும். பார்த்துவிட்டுச் சும்மா நின்றான் என்று தெரிந்தால் ஊர்க்கூட்டத்தில் வைத்துக் கேட்பார்கள். சண்டைக்காரன் போட் என்றாலும் அன்றைக்குக் கை வைத்தே ஆக வேண்டும். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"ஏய், அது நம்ம வண்டி இல்ல, வாணாம், பேஜாராயிடும்" என்று பிரகாஷ் கத்தினான். கல்லை எடுத்தேன். ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி மூன்றாவது அடியில் உதிர்ந்தது. கதவைத் திறந்து, கை பிரேக்கை இறக்கி, கியரை எடுத்துவிட்டேன். அண்ணன் மீன் ஏற்றும் குட்டியானை வண்டியில் கற்றுக்கொண்டது இங்கே உதவும் என்று யார் கண்டது? பின்னால் நின்று தள்ளினேன். நகரவில்லை. "ஐலசா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். பிரகாஷ் திட்டிக்கொண்டே வந்து கை வைத்தான். பிறகு குடித்துவிட்டு விடியவிடிய ஆடிய நாலைந்து பையன்கள் சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கினார்கள். "ஐலசா" என்று அவர்களும் கத்துகிறார்கள்! ஹாம்பர்க்கில்! கார் சரிவில் ஏறிவிட்டது.

மேட்டில் நின்றவர்கள் கை தட்டினார்கள். கை தட்டத் தெரிகிறது.

ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பரில் செருகினேன். "உங்கள் கார் பத்திரம். நான்தான் மேலே தள்ளினேன். தேவதர்ஷினி." கீழே போன் நம்பர். போட்டைக் கரையேற்றினால் இழுத்தவர்களுக்கு மறுநாள் மீனில் பங்கு உண்டு. மீன் வேண்டாம், ஒரு வார்த்தை போதும்.

நைனாவுக்குப் போட்டோ அனுப்பினேன். யாருடைய போட் கரையேறினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். இதற்கும் அதையேதான் கேட்டார். "எத்தினி பேர் கை வச்சாங்க?" ஏழு பேர் என்றேன். "ஏழு பேர் போதும்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. பகல் தூக்கக் கலக்கமாக இருக்கும்.

அக்டோபர் 26

இன்னும் கூப்பிடவில்லை. தாள் பறந்துவிட்டதோ?

அக்டோபர் 28

கூப்பிட்டார்கள். போலீஸ்.

முதலில் புரியவில்லை. நன்றி சொல்லத்தான் போலீஸ் மூலமாகக் கூப்பிடுகிறார்களோ என்று "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சிரித்துத் தொலைத்தேன். அந்த ஆள் நிதானமாகத் திரும்பச் சொன்னார். காரின் சொந்தக்காரி புகார் கொடுத்திருக்கிறாள். பிறர் பொருளைச் சேதப்படுத்தியது. உடைந்த கண்ணாடி வழியாக யாரோ உள்ளே இருந்த பையையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். திருடியது நான் என்று சொல்லவில்லையாம். ஆனால் உடைத்தது நான்தான் என்று நானே எழுதி, பெயரும் நம்பரும் போட்டு வைத்திருக்கிறேனாம்.

ஆமாம். நான்தானே வைத்தேன்.

என்ன ஊர் இது? முழுகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் நல்லவர்கள். ஏற்றிவிட்டவள் குற்றவாளி. அட, கோபம்னா நம்பர்தான் இருக்கே, ஒரு வார்த்தை என்னைக் கூப்ட்டுக் கேட்டா இன்னா? நேரா ஸ்டேஷனுக்கா போவாங்க? மனுசங்களா இவங்க?

எங்கள் குப்பத்தில் கொலை நடந்தால்கூட முதலில் ஊரிடம் சொல்வார்கள். எடுத்த எடுப்பில் ஸ்டேஷன் படி மிதிப்பது எவ்வளவு பெரிய அசிங்கம் என்று இந்த அம்மாளுக்கு யார் சொல்வது?

நவம்பர் 3

பல்கலைக்கழக ஆலோசகரைப் பார்த்தேன். நல்ல பெண், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். எனக்கு இப்போது இருப்பது மார்ச் வரையிலான விசா. அதற்குள் தங்கும் அனுமதி வாங்க வேண்டும். வழக்கு நிலுவையில் இருந்தால் அது முடியும்வரை அனுமதியைப் பற்றி முடிவெடுக்க மாட்டார்களாம். தீர்ப்பு பாதகமாகப் போனால்? "அதை அப்போது பார்ப்போம்" என்றாள். டாக்டர்கள் பேசுகிற தொனி.

ஒரே வழி, அந்த அம்மாள் புகாரைத் திரும்பப் பெறுவது. பெயர் லூடர்ஸ். பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. அன்று விடிகாலை யாருக்கோ வலி எடுத்து, கிடைத்த இடத்தில் காரைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். காணாமல் போன பையில் அவளுடைய தொழில் சாமான்கள். வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் மரக்குழல் ஒன்றும் போயிற்றாம். அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் தந்தது.

இது தெரிந்த பிறகு நன்றாகக் கோபப்படவும் முடியவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் நைனா இரண்டு நாள் கடலுக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பார்.

நவம்பர் 7

லூடர்ஸ் அம்மாளுக்கு எழுதினேன். மன்னிப்புக் கேட்டு, தயவுசெய்து புகாரைத் திரும்பப் பெறுங்கள், என் படிப்பே போய்விடும் என்று. போலீசுக்குக் கொடுக்க வேண்டிய வாக்குமூலமும் எழுதி வைத்தேன். அதில் ஒரு வரி எனக்கே பிடித்திருந்தது. "எங்கள் ஊரில் யாருடைய படகையும் கண்ணெதிரே தண்ணீருக்கு விட்டுக்கொடுக்க மாட்டோம்; அப்படி வளர்ந்தவள் நான்." பிரகாஷ் படித்துவிட்டு, "சூப்பர், ஜட்ஜே அழுதுடுவாரு" என்றான்.

நவம்பர் 16

பதில் இல்லை. கல்நெஞ்சக்காரி.

டிசம்பர் 2

பழவேற்காடு பக்கம் புயல் கரையைக் கடந்துவிட்டது என்று செய்தி. வகுப்பில் உட்கார முடியவில்லை, வெளியே வந்து போன் போட்டுக்கொண்டே இருந்தேன். பிற்பகலில்தான் லைன் கிடைத்தது. அம்மா எடுத்தாள். எல்லாரும் பத்திரம். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடு, அசையவில்லை. "போட்?" என்றேன். "போட்டுக்கு இன்னா, மேல ஏத்தியாச்சு, நீ படி" என்றாள். அப்பாடா.

டிசம்பர் 3

எழுத வேண்டுமா இதை?

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் பிரகாஷ் போனை நீட்டினான். "இது உங்க பக்கம் தான? எங்க மாமா பார்வர்டு பண்ணாரு, செமயா கீது பாரு அலை." வாங்கிப் பார்த்தேன். அலை நிஜமாகவே பெரிது. மேட்டில் போட்டுகள் வரிசையாகக் கயிறு கட்டி ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் கீழே, நுரைக்குள். இரண்டே ஆண்கள் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள், ஒருவருக்குத் தலையில் துண்டு. ஒரு பெண் பின்னால் தோளைக் கொடுத்துத் தள்ளுகிறாள், விழுகிறாள், எழுகிறாள். அலை போட்டைத் தூக்கிப் பக்கவாட்டில் அடிக்கிறது. அப்போது எழுத்து தெரிந்தது. மஞ்சளில் பச்சை எழுத்து.

தேவதர்ஷினி.

என் பெயர். நான் கல்லூரி சேர்ந்த வருஷம் நைனா பெயின்டரைக் கூப்பிட்டு எழுத வைத்தது.

இரண்டாக உடைந்தது. பெயர் நடுவில் பிளந்தது.

அதுகூட இல்லை. அதற்கு முன்னால் வீடியோ எடுத்தவன் போனை ஒரு சுற்றுச் சுற்றினான். மேட்டில் ஊரே நின்றது. கையைக் கட்டிக்கொண்டு, போனைத் தூக்கிக்கொண்டு. கஸ்தூரி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒருத்தர் தோள்மேல் குழந்தை உட்கார்ந்திருந்தது.

நின்னாங்க. எங்க ஊரு. பாத்துக்கினு நின்னாங்க.

தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பிரகாஷ் பின்னாலேயே ஓடி வந்து, "சாரி தர்ஷினி, பேர நான் பாக்கல, சத்தியமா பாக்கல" என்று அழாத குறையாகச் சொன்னான். அவன்மேல் என்ன தப்பு.

டிசம்பர் 4

அம்மாவை உலுக்கி எடுத்துவிட்டேன். முதலில் மறுத்தாள், பிறகு அழுதாள், பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள்.

நான் விமானம் ஏறிய வாரமே நடந்திருக்கிறது. எங்கள் வலைக்குக் குறுக்கே கவியரசன் வலை விட்டான். ஊர்த் தலைவரின் மகன். அண்ணன் கேட்கப் போக, துடுப்பால் மண்டையில் அடித்துவிட்டான். தையல் போட்டது. அந்தத் துண்டு! கூட்டம் கூட்டி, "ரெண்டு பேரும் கைய குடுத்துக்கினு போங்க" என்று தீர்ப்பு. நைனா அண்ணனைக் கை கொடுக்கச் சொல்லவில்லை. நேராக ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"ஊரை மீறி ஸ்டேஷன் படி மிதிச்சிட்டாருன்னு தள்ளி வச்சிட்டாங்கமா. கடைல சாமான் குடுக்கறதில்ல. ஐஸ் குடுக்கறதில்ல. மீனை ஏலத்துல எடுக்கறதில்ல. எங்ககூட பேசனா அபராதம். புகாரை வாபஸ் வாங்குனா அன்னிக்கே சேத்துக்கறோம்னு சொல்றாங்க. உங்க நைனா மாட்டேன்றாரு. உன் படிப்பு கெடும்னுதான் உங்கிட்ட சொல்லல."

புயலன்று விடியலில் கயிறை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போயிருக்கிறாள் அம்மா. யாரும் கதவைத் திறக்கவில்லையாம்.

ஸ்டேஷன் படி. அசிங்கம். ஒரு மாசத்துக்கு முன்னால் இதே பேனாவால் நான்தான் எழுதியிருக்கிறேன். புரட்டிப் பார்த்தேன். மனுசங்களா இவங்க என்றும் எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 5

படுத்தே கிடந்தேன். யோசித்துப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நான் இப்போது குப்பத்தில் இருந்து, அது வேறு யாருடைய போட்டாகவோ இருந்திருந்தால்? தள்ளிவைத்த வீட்டுப் போட். இறங்கியிருப்பேனா? இல்லை, கஸ்தூரி அக்கா பக்கத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பேனா? இறங்கியிருப்பேன் என்று சட்டென்று சொல்ல வரவில்லை. அதுதான் பயம்.

வாக்குமூலத்தில் எனக்குப் பிடித்த அந்த வரியை அடித்துவிட்டேன். அது பொய்.

லூடர்ஸ் அம்மாளிடம் நான் கெஞ்சியதும், ஊர் நைனாவிடம் கேட்பதும் ஒன்றுதானே? உனக்குப் போனது போகட்டும், எனக்கு வசதியாக வாபஸ் வாங்கு.

மாலையில் நைனாவிடம் பேசினேன். கார் வழக்கு, போலீஸ், அனுமதி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "கண்ணாடிய உடைச்சது தப்புதான்மா. அந்தம்மா பொருள் போச்சே" என்றார். நான், "நைனா, புகாரை வாபஸ் வாங்காத" என்றேன். "நீயாவது சொன்னியே" என்றார். அவர் அழுது நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன்.

டிசம்பர் 9

லூடர்ஸ் அம்மாள் வேலை செய்யும் இடத்துக்கே போனேன். அல்டோனாவில், ரொட்டிக் கடைக்கு மேலே. நினைத்ததைவிடக் குள்ளம், நரைத்த கிராப்பு, கையில் ஈரம். யாரென்று சொன்னதும் முகம் மூடிக்கொண்டது.

"வாபஸ் கேட்டு எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்தேன். நீங்கள் எதையும் திரும்பப் பெற வேண்டாம். உடைத்தது நான். உங்கள் குழல் போனதற்கும் நான்தான் காரணம். இதை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது" என்றேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனது.

"தண்ணீர் கொண்டுபோயிருந்தால் என் முட்டாள்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டிருப்பேன்" என்றாள். "நீ தாளில் பெயர் எழுதி வைத்தாய். திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்தாள்." பிறகு, "யாரென்றே தெரியாத ஒருத்தியின் காருக்காக அந்தக் குளிர்த் தண்ணீரில் ஏன் இறங்கினாய்?" என்று கேட்டாள்.

முன்பென்றால் ஊர் வழக்கம் என்று நெஞ்சை நிமிர்த்தியிருப்பேன். போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முழுதும் பார்த்தாள். முடிந்ததும் மறுபடி ஓட்டி, உடைவதற்கு முந்தின நொடியில் நிறுத்தினாள்.

"அந்தப் படகில் என்ன எழுதியிருக்கிறது?"

"என் பெயர்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கர்ப்பிணி படியேறி வந்தாள். நான் கிளம்பிவிட்டேன்.

டிசம்பர் 19

போலீசிலிருந்து தகவல். புகார் திரும்பப் பெறப்பட்டதாம். நான் கேட்கவில்லை. நான் கேட்கவே இல்லை!

டிசம்பர் 26

சுனாமி நாள். குப்பத்தில் எல்லாரும் சேர்ந்து கடலில் பால் ஊற்றுவார்கள். இந்த வருஷம் எங்கள் வீட்டாரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். தாத்தா போனது அவர்கள் கடலிலா, எங்கள் கடலிலா? அம்மாவும் நைனாவும் லைட்ஹவுஸ் குப்பத்தில் சித்தி வீட்டுக்குப் போய் அங்கே ஊற்றிவிட்டு வந்தார்கள். நைனா இப்போது சித்தப்பா போட்டில்தான் போகிறார். கூலிக்கு.

ஜனவரி 12

இன்றும் பீரங்கி. இப்போது திடுக்கிடுவதில்லை, எண்ணுகிறேன்.

காபியைக் கையில் எடுத்தேன், போன் அடித்தது. லூடர்ஸ் அம்மாள். பின்னால் யாரோ வலியில் கத்துகிறார்கள். "தர்ஷினி, தண்ணீர் வருகிறது. கார் கீழேதான் நிற்கிறது, முட்டாள் நான். என்னால் இப்போது நகர முடியாது. சாவி ரொட்டிக் கடையில் இருக்கிறது. சொல்லிவிட்டேன், உன் பெயரைச் சொன்னால் கொடுப்பார்கள்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

ஓடினேன். கடைக்காரர் என் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டே சாவியைக் கையில் வைத்தார். திடலில் தண்ணீர் இன்னும் கல்தரையைத் தொடவில்லை. அதே நீலக் கார், புதுக் கண்ணாடி. மேட்டில் அதே கூட்டம், அதே காபி. உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, மெதுவாக மேலே கொண்டுவந்து நிறுத்தினேன். யாரும் கை தட்டவில்லை.

நைனாவுக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். கரையில் இருக்கிறார் போல, காற்று இரைகிறது.

"எத்தினி பேர் கை வச்சாங்க?"

"யாரும் இல்ல நைனா. நான் ஒருத்திதான். சாவி இருந்துச்சு."

காற்றுக்கு மறைவாகப் போனார் போல, இரைச்சல் குறைந்தது.

"புகார் எழுதுன அந்தம்மாவே சாவிய உங்கிட்ட குடுத்தாங்களா?" என்றார்.

"குடுத்தாங்க நைனா."

"குடுத்தாங்களா" என்று இன்னொரு முறை கேட்டார்.